ஐந்து நாள் மாத்திரை

ஜாம் என்றால் லிஃப்ட்காரருக்கு உயிர். ரொட்டிக்கு ஜாமா, ஜாமுக்கு ரொட்டியா என்று பெண்டாட்டி கிண்டல் பண்ணுகிற அளவுக்குத் தடவித் தின்ற மனுஷன். அந்த மனுஷனுக்கு இப்போது ஜாம் பாட்டிலைக் கண்டாலே குமட்டியது. காலை எட்டு மணிக்கு ஒரு ஸ்பூன், சாயங்காலம் ஆறு மணிக்கு ஒரு ஸ்பூன். மாத்திரைகளை இடித்துப் பொடியாக்கி, ஜாமில் குழைத்து, "ஆ காட்டுங்க ஐயா" என்று வாய்க்கு நேரே நீட்டுவார்கள். வாயை மூடிக்கொண்டால் எழுதிக்கொள்வார்கள். துப்பினால் எழுதிக்கொள்வார்கள். "இதுல என்னம்மா இருக்கு?" என்று கேட்டால் அதையும் எழுதிக்கொள்வார்கள். அந்த முதியோர் இல்லத்தில் என்ன செய்தாலும் அது ஒரு வியாதியாகத்தான் பதிவாகும். இந்த அநியாயத்தை எங்கே போய்ச் சொல்வது!

நாற்பத்தோரு வருஷம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவர். இல்லத்தில் அவரை யாரும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. லிஃப்ட்காரர் என்றால்தான் தெரியும். எத்தனையோ பேரை நடுவழியில் நின்றுபோன பெட்டிக்குள்ளிருந்து வெளியே எடுத்திருக்கிறார். போனவுடன் ஸ்பானரைத் தொட மாட்டார். முதலில் கதவு இடுக்கில் வாயை வைத்து உள்ளே இருப்பவர்களிடம் பேசுவார். "குதிக்காதீங்க. கதவைப் பிடிச்சு இழுக்காதீங்க. நான் வெளியதான் நிக்கிறேன், எங்கேயும் போகமாட்டேன்." இந்த மூன்றையும் கேட்டால் அழுகிறவர்கள்கூட அடங்கிவிடுவார்கள். அதிலும் கடைசி வாக்கியத்துக்குத்தான் மவுசு என்பது அவர் அனுபவம்.

பெண்டாட்டி போனபிறகு ஒருநாள் குளியலறையில் வழுக்கி விழுந்தார். மகள் காலையில் ஒரு வேலை, மத்தியானம் ஒரு வேலை என்று ஓடுகிறவள். அவளால் எப்படிப் பார்த்துக்கொள்ள முடியும்? அவரே பெட்டியைத் தூக்கிக்கொண்டு, தன் காலால் நடந்து, இந்த இல்லத்தில் வந்து சேர்ந்தார். வந்த அன்றே இங்குள்ள லிஃப்டில் ஏறிப் பார்த்து, "ரெண்டாவது மாடிக் கதவு லேட்டா மூடுது, யாரையாவது வரச் சொல்லிப் பாருங்க" என்று மேலாளர் அம்மாவிடம் சொன்னவர். அப்படி இருந்த ஆள்.

இப்போது பாருங்கள். கை, தட்டில் ஸ்பூன் தாளம் போடுகிற மாதிரி நடுங்குகிறது. கால் தரையை விட்டு எழும்புவதில்லை. தேய்த்துத் தேய்த்துத்தான் நகர்கிறார். வாயோரம் எச்சில் வழிகிறது, துடைக்கக் கையைத் தூக்குவதற்குள் சட்டையில் சொட்டிவிடுகிறது. சொல்ல நினைத்த வார்த்தை நாக்குக்கு வந்து சேர்வதற்குள் எதிரில் இருப்பவர்கள் எழுந்து போய்விடுகிறார்கள். எல்லாம் எட்டு மாசத்தில் வந்தது. டாக்டர் ஒருநாள் வந்து, கையை மடக்கி நீட்டிப் பார்த்து, "நடுக்க வியாதி" என்றார். அதற்கு ஒரு மாத்திரை எழுதினார். அந்த மாத்திரையோடு ஒரு பூனையும் வந்தது.

சாம்பல் நிறப் பூனை. சாயங்காலமானால் அலமாரி மேலே வந்து உட்கார்ந்துகொண்டு அவரையே பார்க்கும். பூனை இல்லை என்று அவருக்கே தெரியும். சாத்தின அறைக்குள் பூனை எங்கிருந்து வரும்? ஆனாலும் வாய் சும்மா இருக்கவில்லை. "நம்ம ரூமுக்குப் புதுசா ஒரு ஆள் வந்திருக்கான், மீசை வச்சிருக்கான்" என்று ஆயாவிடம் ஜோக்கடித்தார். ஆயா போய் எழுதிவிட்டாள். "இல்லாததைப் பார்க்கிறார்." ஏற்கனவே இருந்த ஒரு மாத்திரையை இரண்டு வேளை ஆக்கினார்கள். அதைக் கொடுக்கும்போது, "என்னம்மா, ஒரேடியா அனுப்பி வைக்கலாம்னு முடிவு பண்ணிட்டீங்களா?" என்று சிரித்தார். அவர் முகம்தான் சிரிப்பையே மறந்து போயிருந்ததே! சிரிப்பு முகத்துக்கு வரவில்லை. எழுதினார்கள்: "விஷம் வைப்பதாகச் சந்தேகப்படுகிறார்." லிஃப்ட் கதவு சத்தம் சரியில்லை என்று மறுபடி சொன்னார். "இல்லாத சத்தம் கேட்கிறது." அடுத்த வாரமே லிஃப்ட் இரண்டாவது மாடியில் நின்று, துணி துவைக்கிற அம்மாள் அரை மணி நேரம் உள்ளே மாட்டிக்கொண்டு, கம்பெனிக்காரன் வந்து கதவைச் சரிசெய்துவிட்டுப் போனான். எழுதினதை யாராவது அடித்தார்களா? கேட்கவே வேண்டாம்.

அந்த மாதம் மேலாளர் அம்மா மகளைக் கூப்பிட்டுப் பேசினார். அடுத்த மாசம் இருபதாம் தேதி, வியாழக்கிழமை, டாக்டரோடு ஒரு கூட்டம். கூட்டத்துக்கு அப்புறம் அப்பாவை மூன்றாவது மாடிக்கு மாற்றிவிடலாம், அங்கே அவருக்குப் பாதுகாப்பு என்றார்.

மூன்றாவது மாடி என்றால் என்னவென்று இல்லத்தில் எல்லோருக்கும் தெரியும். லிஃப்டை விட்டு இறங்கினால் எதிரே ஒரு கதவு. கதவில் முகம் தெரிகிற அளவுக்கு ஒரு கண்ணாடி. பக்கத்தில் நம்பர் பூட்டு. நம்பர் ஊழியர்களுக்கு மட்டும் தெரியும். உள்ளே போனவர்கள் யாரும் தங்கள் காலால் இறங்கி வந்ததில்லை.

தபால்காரர் அங்கேதான் போனார். முப்பது வருஷம் தெருத்தெருவாக நடந்து கடிதம் கொடுத்தவர்; சாப்பாட்டு மேஜையில் லிஃப்ட்காரருக்கு எதிர் நாற்காலி. சீட்டாட்டத்தில் அழுகுணி ஆட்டம் ஆடுவார், கையும் களவுமாகப் பிடித்தால் "கண்ணாடி மாத்தணும்பா" என்று மழுப்புவார். அவருடைய அண்ணன் இறந்த வாரம் பாவம் தூக்கமே இல்லாமல் தவித்தார். ஏதோ மாத்திரை கொடுத்தார்கள். தூங்கினார். அப்புறம் தூங்கிக்கொண்டே இருந்தார். சீட்டைக் கையில் வைத்துக்கொண்டே தலை தொங்கிப்போகும். வழி தெரியாமல் யார் யார் அறைக்குள்ளோ போனார், இரண்டு தடவை விழுந்தார். மேலே அனுப்பிவிட்டார்கள். போய் இரண்டு மாசமாகிறது.

ஞாயிற்றுக்கிழமை மகள் வந்தபோது லிஃப்ட்காரர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். வார்த்தைகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி வெளியே எடுத்தார்.

"மாத்திரைதான்மா... எல்லாத்துக்கும்... காரணம்."

மகள் சேலைத் தலைப்பால் அவர் வாயைத் துடைத்தாள். அவள் கண் நிறைந்துவிட்டது.

"இப்படித்தான் சொல்லுவீங்கன்னு மேலாளர் அம்மா முன்னாடியே சொன்னாங்கப்பா. இந்த வியாதி வந்தவங்க மாத்திரை மேலதான் பழி போடுவாங்களாம்."

லிஃப்ட்காரர் அவள் கையை விட்டுவிட்டார். எப்படி அடைத்திருக்கிறார்கள் பாருங்கள்! வெளியே போக ஒரே ஒரு கதவு இருந்தது, மகள். அதிலும் முந்திக்கொண்டு பூட்டைப் போட்டுவிட்டார்கள். பெற்ற பெண்ணைத் திட்டவும் மனசு வரவில்லை. அவளும் எத்தனை பேரிடம் போய்ச் சண்டை போடுவாள்? டாக்டர் சொல்கிறார், எழுதி வேறு வைத்திருக்கிறார்கள். அப்பா உளறுகிறார். யாரை நம்புவாள்?

அன்றைக்குச் சாயங்காலம் ஜாமை விழுங்கிவிட்டு, பூனையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். அவர் வேலையில் இருந்தபோது பழுதான லிஃப்டுக்கு முன்னால் போய் நின்று கேட்கிற முதல் கேள்வி ஒன்று உண்டு. "கடைசியா எதை மாத்தினீங்க?" நூற்றுக்கு எண்பது பழுது அந்தக் கேள்வியிலேயே பிடிபட்டுவிடும். அதையே இப்போது தனக்குத் தானே கேட்டுக்கொண்டார். மூளை களிமண்ணாகக் கிடந்தது, இருந்தாலும் விடவில்லை. பூனை எப்போது வந்தது? நடுக்க மாத்திரைக்கு அப்புறம். நடுக்க மாத்திரை எதற்கு வந்தது? நடுக்கத்துக்கு. நடுக்கத்துக்கு முன்னால்? நடுக்கத்துக்கு முன்னால் என்ன?

விக்கல்!

மூன்று நாள் விடாமல் விக்கல் எடுத்ததே! சாப்பாட்டு அறையே சிரித்ததே! தபால்காரர் முதுகில் ஓங்கி அடித்து, அடி வலித்ததே தவிர விக்கல் நிற்கவில்லையே! அப்போது வெள்ளையாக, வட்டமாக ஒரு மாத்திரை கொடுத்தார்கள். இரண்டாம் நாளே விக்கல் நின்றுபோனது. சரி, விக்கல் நின்றுவிட்டது. அந்த மாத்திரை நின்றதா?

மாசக் கடைசியில் நர்ஸம்மா எல்லோருடைய மருந்துச் சீட்டையும் புதுத் தாளில் பார்த்து எழுதுவாள். ஒரு மாசத்துக்கு ஒரு தாள். மேல்பாதியில் தினமும் கொடுக்கிற மருந்துகள், கீழே ஒரு சின்னக் கட்டத்தில் கொஞ்ச நாளைக்கு மட்டும் கொடுக்கிறவை. நாற்பத்தாறு பேருக்கு நாற்பத்தாறு தாள். அவளுடைய அறையில் காற்றே வராது என்பதால், மத்தியானச் சாப்பாடு முடிந்து மேஜை துடைத்தபிறகு, சாப்பாட்டு அறையில் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து எழுதுவாள். இல்லத்தில் அவள் ஒருத்திதான் அவரிடம் குனிந்து, முகத்தைப் பார்த்துப் பேசுகிறவள். அந்த மாசம் ஐந்து நாள் முன்னதாகவே உட்கார்ந்துவிட்டாள். லிஃப்ட்காரர் தேய்த்துத் தேய்த்து நடந்து எதிரே போய் உட்கார்ந்தார்.

"ஏம்மா. என் தாளைக் காட்டேன்."

"எதுக்கு ஐயா? கண்ணு வலிக்கும்."

"காட்டும்மா... படிச்ச பையன்தான் நான்."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தாளைத் திருப்பி வைத்தாள். அவர் விரலை வைத்தார். விரல் ஆடி ஆடி வரிக்கு வரி தாவியது. ரத்த அழுத்தத்துக்கு ஒன்று, சத்து மாத்திரை ஒன்று, நடுக்கத்துக்கு ஒன்று. நாலாவது வரியில் விரலை அழுத்தி நிறுத்தினார்.

"இது எதுக்கு?"

"இதுவா? இது உங்களுக்கு... மனசு அமைதிக்கு ஐயா. பழைய தாள்லேர்ந்து வருது."

"பழசுன்னா எவ்வளவு பழசு?"

"ரொம்ப நாளா வருதே."

"எந்த நாள்லேர்ந்து? யார் ஆரம்பிச்சா?"

அவள் பேனாவை வைத்துவிட்டு அவரைப் பார்த்தாள். நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசி எத்தனை நாளாயிற்று இந்த மனுஷர்! என்ன தோன்றியதோ, எழுந்து போய் அலமாரியைத் திறந்து அவருடைய கோப்பை எடுத்துவந்தாள். ஒவ்வொரு தாளாகப் பின்னால் புரட்டினாள். போன மாசம் இருந்தது. அதற்கு முந்தின மாசம் இருந்தது. இன்னும் முந்தி, இன்னும் முந்தி. ஒன்பதாவது தாளில் மேல்பாதியில் அது இல்லை. கீழே சின்னக் கட்டத்தில் இருந்தது. "விக்கலுக்கு. 5 நாள்." மாசம் முடிய இரண்டு நாள் இருக்கும்போது ஆரம்பித்தது. மிச்சம் மூன்று நாளைக்காக அவள் அடுத்த மாசத் தாளில் ஏற்றியிருக்கிறாள். அந்தத் தாளில் கீழ்க் கட்டம் இருமல் மருந்தும் கண் சொட்டு மருந்துமாக நிறைந்துபோயிருந்தது. இடமில்லை. மேல்பாதியில் எழுதிவிட்டாள், "5 நாள்" என்பதை விட்டுவிட்டாள். மேல்பாதியில் இருந்தால் அது தினசரி மருந்து. அடுத்த மாசம் பார்த்து எழுதினாள். அதற்கடுத்த மாசமும் பார்த்து எழுதினாள்.

"என் கையெழுத்து," என்றாள். முகம் வெளுத்துவிட்டது. "ஐயா, இது என் கையெழுத்து."

லிஃப்ட்காரருக்கு எழுந்து நின்று கத்த வேண்டும்போல் இருந்தது. எட்டு மாசம்! எட்டு மாசமாக என் கையைப் பிடுங்கி, காலைப் பிடுங்கி, நாக்கைப் பிடுங்கி, பெற்ற பெண்ணே என்னைப் பைத்தியம் என்று நினைக்கிற அளவுக்குக் கொண்டுவந்து விட்டாயேடி பாவி! அத்தனையும் தொண்டையில் வந்து நின்றது. மாத்திரையின் புண்ணியம், ஒன்றும் வெளியே வரவில்லை. அந்த நேரத்துக்குள் அவள் அழ ஆரம்பித்துவிட்டாள்.

"இது தெரிஞ்சா என்னை நின்ன நிலையில வேலையை விட்டு அனுப்பிடுவாங்க ஐயா. வேற எங்கயும் எடுக்கமாட்டாங்க. வீட்ல நான் ஒருத்திதான் வேலைக்குப் போறேன்."

அவர் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு ஐந்து மாடி ஆபீஸ் கட்டிடம் ஒன்று ஞாபகம் வந்தது.

கதவு மூடினால்தான் லிஃப்ட் நகரும். ஆனால் பழுது பார்க்கும்போது கதவைத் திறந்துவைத்தே நகர்த்திப் பார்க்க வேண்டியிருக்கும். அதற்காகக் கதவு மூடியிருப்பதாக மெஷினை ஏமாற்ற ஒரு துண்டு சிவப்பு வயரைக் குறுக்கே மாட்டுவார்கள். வேலை முடிந்ததும் கழட்டிவிட வேண்டும். கழட்டாவிட்டால் திறந்த கதவோடு லிஃப்ட் ஓடும். பெட்டி இருக்கிறதென்று காலை வைக்கிறவன் பள்ளத்தில் போய் விழுவான். லிஃப்ட்காரர் பையில் எப்போதும் மூன்று சிவப்பு வயர்கள்தான். பையை மூடுவதற்கு முன்னால் எண்ணுவார். ஒரே ஒருநாள் எண்ணவில்லை. வீட்டுக்கு வந்து சோற்றில் கை வைத்தவர் என்னவோ தோன்றிப் பையைத் திறந்தால், இரண்டு. கை கழுவாமல் ஓடினார். நாலு மணி நேரம் அந்த லிஃப்ட் அப்படியே ஓடியிருக்கிறது. யாரும் விழவில்லை. வயரைக் கழட்டி ஜோபியில் போட்டுக்கொண்டு, பதிவுப் புத்தகத்தில் "எல்லாம் சரி" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். பெண்டாட்டியிடம்கூடச் சொன்னதில்லை.

நர்ஸம்மாவிடம் இதைச் சொன்னார். விட்டு விட்டு, மூச்சு வாங்கி, கால் மணி நேரம் பிடித்தது. அவள் அழுகையை நிறுத்திவிட்டுக் கேட்டாள்.

"நீயும் கழட்டிடு," என்றார். "புதுத் தாள்ல... எழுதாதே. சத்தமில்லாம. உன் பேரு என் வாயில வராது."

"திடீர்னு நிறுத்தக்கூடாது ஐயா. இந்த அஞ்சு நாள் பாதி பாதி தர்றேன். ஒண்ணாம் தேதிலேர்ந்து கிடையாது." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "உங்களைக் கும்பிடணும் ஐயா."

"கும்பிடு எல்லாம் வேண்டாம். ஜாமை நிறுத்து."

பத்து நாளில் அவருடைய கால் தரையை விட்டு எழும்பியது. பதினைந்தாவது நாள் சட்டைப் பொத்தானைத் தானே போட்டுக்கொண்டார். நாலு பொத்தானுக்கு இருபது நிமிஷம் ஆனால் என்ன, போட்டது அவர் கை! எச்சில் நின்றது. ஆயா ஏதோ சொன்னதற்கு அவர் சிரித்தபோது அவளுக்கே தூக்கிவாரிப் போட்டது. பூனை மட்டும் இன்னும் எப்போதாவது வந்தது. அதைப் பற்றி அவர் வாயே திறக்கவில்லை.

ஒருநாள் யாருக்கும் சொல்லாமல் லிஃப்டில் ஏறி மூன்றாவது மாடிக்குப் போனார். கதவின் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தபால்காரர் நின்றுகொண்டிருந்தார். தலை ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. லிஃப்ட்காரர் கண்ணாடியைத் தட்டினார். தபால்காரர் மெதுவாக நிமிர்ந்து பார்த்தார். இன்னார் என்று பிடிபட்டதா, தெரியவில்லை. கையைக் கொண்டுவந்து கண்ணாடியில் வைத்தார், அவ்வளவுதான். லிஃப்ட்காரரால் அங்கே நிற்க முடியவில்லை. தப்பித்தோம் பிழைத்தோம் என்று இறங்கி வந்துவிட்டார். அந்த நினைப்புக்காக அன்றைக்கு முழுவதும் தன்னையே காறித் துப்பிக்கொண்டார்.

இருபதாம் தேதி, காலை பதினொரு மணி. மேலாளர் அம்மாவின் அறை. ஒரு பக்கம் டாக்டர், கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு; இன்னும் பன்னிரண்டு பேரைப் பார்க்க வேண்டும் அவருக்கு. மேலாளர் அம்மா, மகள், லிஃப்ட்காரர். தாள்களை எடுத்துக் கொடுக்க நர்ஸம்மா நின்றுகொண்டிருந்தாள். லிஃப்ட்காரர் நல்ல சட்டை போட்டு, நடந்தே வந்து, தானே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். மகள் வாயைப் பிளந்தாள்.

"அட, பிரமாதமா இருக்காரே!" என்றார் டாக்டர். "நம்ம மருந்து நல்லா வேலை செய்யுது." இந்த மாசத் தாளைப் பார்த்தார். போன மாசத் தாளைப் பார்த்தார். நெற்றியைச் சுருக்கினார். "இதுல ஒண்ணு குறையுதே. இவரை அடக்கி வச்சிருந்த மாத்திரை எங்கே?"

மேலாளர் அம்மா எட்டிப் பார்த்தார். "பாத்து எழுதும்போது விட்டுப்போச்சு போல இருக்கு டாக்டர்."

"அய்யய்யோ, நிறுத்தக்கூடாதும்மா. அதோட பலன்தான் இது. ஒரு மாசம் உடம்புல தங்கியிருக்கும். விட்டா எல்லாம் திரும்ப ஆரம்பிச்சிடும். இப்பவே எழுதுங்க, ரெண்டு வேளை." பேனாவை நர்ஸம்மா பக்கம் தள்ளினார். "இப்படி விட்டுப்போகக்கூடாதுன்னுதான் சொல்றேன், மேல மாத்திடுங்க. அங்க கவனிப்பு கெட்டி."

லிஃப்ட்காரருக்கு உலகம் நின்றுபோனது. சத்தமில்லாமல் கழட்டு என்றாரே, பெரிய தர்மப் பிரபு! சத்தமில்லாமல் கழட்டினதைச் சத்தமில்லாமல் திரும்ப மாட்டுகிறார்கள். அவர் தேறியதுகூட அந்த மாத்திரையின் கணக்கிலேயே போய்ச் சேர்ந்துவிட்டது.

"டாக்டர், அது விக்கல் மாத்திரை," என்றார். குரல் திடமாகத்தான் வந்தது. "அஞ்சு நாளைக்கு எழுதினது. எட்டு மாசமா குடுத்திருக்காங்க. அதை விட்டதாலதான் நான் நடக்கிறேன்."

டாக்டர் மேலாளர் அம்மாவைப் பார்த்தார். மேலாளர் அம்மா மகளைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இருந்தால்கூடப் பரவாயில்லை. பரிதாபம் இருந்தது.

"அப்பா," என்றாள் மகள், தணிந்த குரலில். "டாக்டர் சொல்றதைக் கேளுங்கப்பா. இவ்வளவு நல்லா ஆயிருக்கீங்க, கெடுத்துக்காதீங்க."

அவர் நர்ஸம்மாவின் பக்கம் திரும்பவில்லை. திரும்பினால் காட்டிக்கொடுத்ததாக ஆகிவிடும், வாக்கு கொடுத்தாயிற்று. மேஜையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். பேனா தாளில் உரசுகிற சத்தம் கேட்டது. இரண்டு எழுத்து எழுதியிருப்பாள். அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருப்பதைப் போல ஒரு தண்டனை வேறு கிடையாது.

உரசல் நின்றது.

நர்ஸம்மா பேனாவை மூடி வைத்தாள். எழுந்து வெளியே போனாள். "எங்க போறா இவ?" என்றார் மேலாளர் அம்மா. திரும்பி வந்தபோது அவள் கையில் பழைய கோப்பு இருந்தது. ஒன்பது தாளையும் டாக்டர் முன்னால் வரிசையாகப் பரப்பினாள். முதல் தாளின் கீழ்க் கட்டத்தில் விரலை வைத்தாள்.

"ஐயா சொல்றது நிஜம் டாக்டர். இடமில்லைன்னு மேல எழுதினது நான்தான். இந்த மாசம் வேணும்னுதான் எழுதாம விட்டேன்."

டாக்டர் ஒன்பது தாளையும் பார்த்தார். ஒவ்வொரு தாளின் அடியிலும் அவருடைய கையெழுத்து இருந்தது. கடிகாரத்தை அவர் மறந்துபோனார்.

"எட்டு மாசமா?" என்றாள் மகள். "மாத்திரைதான் காரணம்னு எங்கப்பா சொன்னாரே! நான்... நானே நம்பலையே!" அப்பாவின் தோளில் முகத்தை வைத்து அழுதாள்.

டாக்டர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "இன்னைக்குத் தேதி போட்டு நிறுத்தினதா எழுதிடலாம். நடுக்க மாத்திரையும் படிப்படியா குறைச்சிடலாம். மேல போக வேண்டிய அவசியமில்லை. எல்லாருக்கும் நல்லது."

"ஆமா டாக்டர், இதைப் பெரிசுபடுத்த வேண்டாம்," என்று அவசரமாகச் சொன்னார் மேலாளர் அம்மா. நர்ஸம்மாவைப் பார்த்து, "நீயும் இதை வெளிய பேசவேண்டாம். வேலையைப் பாரு," என்றார்.

ஆக, யாருக்கும் ஒன்றும் இல்லை. நர்ஸம்மாவுக்கு வேலை தப்பியது, டாக்டருக்குக் கையெழுத்து தப்பியது, லிஃப்ட்காரருக்கு மூன்றாவது மாடி தப்பியது. மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சரி என்று தலையாட்டினாள். எல்லோரும் அவர் முகத்தைப் பார்த்தார்கள். அவரும் தலையாட்டினால் கூட்டம் முடிந்துவிடும். எல்லாம் சரி.

அவர் தலையாட்டவில்லை.

"தபால்காரரோட தூக்க மாத்திரை," என்றார். "அது எத்தனை நாளைக்கு எழுதினது?"

"அது வேற விஷயம் ஐயா," என்றார் மேலாளர் அம்மா.

"எத்தனை நாளைக்கு?"

நர்ஸம்மா வாயில் கையை வைத்துக்கொண்டாள். அவளுக்கு ஞாபகம் வந்துவிட்டது என்பது அவள் கண்ணிலேயே தெரிந்தது. மேலாளர் அம்மாவின் முகத்தை அவள் பார்க்கவில்லை. சாவிக்கொத்தை எடுத்துக்கொண்டு அலமாரி இருக்கும் பக்கம் நடந்தாள். டாக்டர் தடுக்கவில்லை. நாற்காலியில் இன்னும் நன்றாக உட்கார்ந்துகொண்டு மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

லிஃப்ட்காரர் எழுந்து, மகள் பிடிக்க வந்த கையை வேண்டாம் என்று தள்ளிவிட்டு, லிஃப்டுக்குப் போனார். மூன்றை அழுத்தினார். கதவுக்கு அந்தப் பக்கம் தபால்காரர் அன்றைக்கு நின்ற இடத்திலேயே நின்றுகொண்டிருந்தார். அவரைப் பார்த்ததும் கைப்பிடியைப் பிடித்து இழுத்தார். கதவு அசையவில்லை. திரும்பத் திரும்ப இழுத்தார்.

நம்பர் லிஃப்ட்காரருக்கும் தெரியாது. கதவு இடுக்கில் வாயை வைத்தார்.

"இழுக்காதேப்பா," என்றார். "தாள் தேடிக்கிட்டிருக்காங்க. நான் வெளியதான் நிக்கிறேன். எங்கேயும் போகமாட்டேன்."

இழுப்பது நின்றது. லிஃப்ட்காரர் தாழ்வாரத்தில் கிடந்த நாற்காலியை இழுத்து, கண்ணாடி வழியாகத் தன் முகம் தெரிகிற இடமாகப் பார்த்துப் போட்டு உட்கார்ந்தார்.